ஆயாவின் கண்டாங்கிச் சேலையில் பாவாடை தைக்க அளவு எடுப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் தையல் வகுப்பு எதற்கும் சென்றதில்லை. பார்த்தும் கேட்டும் பழகி, ஐந்தாறு ஆண்டுகளாக வீட்டுக்கு வேண்டிய தலையணை உறை, உள்பாவாடை, மகளுக்குக் கவுன் என்று தைத்து வருகிறேன். இப்போது என் கையில் இருப்பது எங்கள் ஆயா (பாட்டி) வைத்துவிட்டுப் போன ஒரு கண்டாங்கிச் சேலை. அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் அகலக் கரை வைத்தது. பெட்டகத்தில் பல ஆண்டுகள் உடுத்தாமலேயே கிடந்ததால், இனியும் மடிப்பிலேயே இருந்தால் இற்றுவிடும், உடுத்தும்படியான ஒன்றாகத் தைத்துக்கொள் என்று அம்மா கொடுத்தார்கள். நீளம் ஐந்தரை மீட்டரும் அகலம் 46 அங்குலமும் இருக்கின்றன. அதில் எனக்கு ஒரு பாவாடையும், துணி மிஞ்சினால் பதினொரு வயது மகளுக்கு ஒரு பாவாடையும் தைக்க வேண்டும் என்பது என் ஆசை.

துணியில் கத்தரி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. காரணம், இதற்கு முன் ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் நான் தைத்துப் பார்த்த பாவாடை சரியாக வரவில்லை. வெளிநாட்டு மாதிரி ஒன்றைக் கணினியிலிருந்து அச்செடுத்து, மேலே குறுகிக் கீழே விரியும் ஏ-லைன் வடிவில் அதைத் தைத்தேன். இடுப்பு 36 அங்குலம் என்றும் சீட் (இடுப்புக்குக் கீழே உள்ள அகலமான பகுதியின் சுற்றளவு) 39 அங்குலம் என்றும் அளந்து, அந்த மாதிரியின் அளவுப் பட்டியலில் தேடியபோது, இடுப்பு ஒரு பெரிய அளவிலும் சீட் அதைவிட இரண்டு படி சிறிய அளவிலும் விழுந்தன. எதை எடுப்பது என்று புரியாமல் நடுவில் இருந்த அளவை எடுத்தேன். தைத்து முடித்து உடுத்தியபோது இடுப்பில் தொளதொளவென்று நின்று கீழே சரிந்தது. உட்கார்ந்து எழுந்தால் பின்னால் இறுகி மேலே ஏறிக்கொண்டு, பட்டைக்குக் கீழே குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்தன. பின்பக்க விளிம்பு முன்பக்கத்தைவிட ஓரங்குலம் தூக்கியும் நின்றது.

ஒரே பாவாடை ஓரிடத்தில் பெரிதாகவும் மற்றோரிடத்தில் சிறிதாகவும் எப்படி ஆகும்? நான் அளந்ததில் பிழையா, அளவைத் தேர்ந்ததில் பிழையா? இந்தச் சேலை போனால் வேறு சேலை இல்லை. அதனால் தயவுசெய்து விரிவாகவே சொல்லுங்கள்.

பதில் 1: காரைக்குடி, தையற்கடை நடத்துபவர்

சகோதரி, நீங்கள் எழுதிய இரண்டு எண்களைப் பார்த்தபோதே பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இடுப்பு 36, சீட் 39 என்றால் இரண்டுக்கும் மூன்று அங்குலமே வித்தியாசம். வளர்ந்த பெண்களுக்கு அப்படி அமைவது மிகவும் அரிது. நீங்கள் சேலை கட்டும் இடத்தைத்தான் இடுப்பு என்று அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான் அளக்கிறார்கள். உள்பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கட்டிப் பழகியதால், இடுப்பு என்றவுடன் கை தானாக அங்கே போகிறது. ஆனால் பட்டியலில் இடுப்பு என்று போட்டிருப்பது உடம்பின் மிக ஒடுங்கிய இடத்தை. தமிழில் அதற்கு 'இடை' என்ற தனிச் சொல் இருந்தும், பேச்சில் இடை, இடுப்பு, அதற்குக் கீழே உள்ள அகலமான பகுதி எல்லாவற்றையுமே இடுப்பு என்று சொல்லிவிடுகிறோம். தையற்கடைகளில் நாங்கள் கீழ்ப்பகுதியைச் சீட் என்று பிரித்துச் சொல்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

இடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நேராக நின்று, பக்கவாட்டில் ஒருபுறமாகச் சாயுங்கள். விலாவுக்குக் கீழே உடம்பு மடியும் இடம்தான் இடை. அந்த இடத்தில் அரை அங்குல எலாஸ்டிக் ஒன்றையோ, உள்பாவாடை நாடாவையோ இறுக்காமல் கட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் நடந்து, ஒரு முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். நாடா தானாகப் போய் நிற்கும் இடம் உங்கள் உண்மையான இடையாகும். அளவெடுத்து முடியும்வரை அதை அவிழ்க்க வேண்டாம். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன.

சீட் அளவில் இன்னொரு பிழை நடந்திருக்கிறது. டேப்பை இடுப்பெலும்பின் மேல் சுற்றி அளந்திருப்பீர்கள். அது சீட் அன்று. கால்களைச் சேர்த்து வைத்து நின்று, பக்கவாட்டில் கண்ணாடியைப் பார்த்தால், பின்புறம் மிகவும் புடைத்து நிற்கும் இடம் தெரியும். பெரும்பாலும் இடை நாடாவிலிருந்து ஏழு முதல் ஒன்பது அங்குலத்துக்குள் அது வரும். அங்கே சுற்றளவை எடுத்து, நாடாவிலிருந்து அந்த இடம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றும்போது டேப் முன்னும் பின்னும் தரைக்கு ஒரே மட்டமாக நிற்க வேண்டும். பின்னால் டேப் சரிந்தால் நமக்குத் தெரியாது என்பதால், சீட் அளவை மட்டும் தனியாக எடுக்காமல் மகளையோ அம்மாவையோ பிடிக்கச் சொல்லுங்கள். வயிறு முன்னால் சற்று இருப்பவர்கள், டேப் வயிற்றையும் சேர்த்துச் சுற்றுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சை உள்ளே இழுக்காமல், சேலைக்கு மேலேயோ நைட்டிக்கு மேலேயோ அளக்காமல், உள்ளாடையோடு நின்று அளக்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் அளந்தால் இரண்டு அங்குலம்கூடக் கூடிவிடும்.

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதே இரண்டு சுற்றளவுகளையும் மீண்டும் எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஆனால் நின்றபடி சரியாக இருந்த பாவாடை உட்காரும்போது இறுகுவது ஏன் என்பதற்கான விடை இந்த இரண்டாவது அளவில்தான் இருக்கிறது. பலருக்குச் சீட் ஓர் அங்குலமோ இரண்டோ கூடும்.

உயரத்தை ஓரிடத்தில் மட்டும் அளக்கக் கூடாது. நாடாவிலிருந்து தரைவரை முன்னால் நடுவில், வலப்பக்கம், இடப்பக்கம், பின்னால் நடுவில் என்று நான்கு முறை எடுங்கள். உங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) ஆத்தங்குடித் தளம் போட்டிருந்தால் அங்கே நின்று எடுங்கள். மட்டமான தரையாகவும் இருக்கும், கோடு பார்த்து நேராக நிற்கவும் முடியும். குனிந்து பார்த்தால் நாடாவே அசைந்துவிடும் என்பதால் இதையும் வேறொருவர்தான் எடுக்க வேண்டும். உங்கள் பாவாடை பின்னால் தூக்கி நின்றதற்குப் பாதிக் காரணம் சீட் இறுகியது. மீதிப் பாதி, பின்புறப் புடைப்பைக் கடந்து வரவேண்டிய துணிக்கு முன்பக்கத்தைவிடக் கூடுதல் நீளம் தேவைப்பட்டது. நான்கு அளவையும் எடுத்தால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தேர்வைப் பற்றி: ஏ-லைன், பென்சில் போன்று சீட்டை ஒட்டி வரும் பாவாடைக்கு எப்போதும் சீட் அளவைப் பார்த்தே பட்டியலில் அளவை எடுக்க வேண்டும். இடையில் துணி மிஞ்சினால் டார்ட்டை (இடையைக் குறைக்கக் கூராகப் பிடிக்கும் தையலை) சற்று ஆழமாகப் பிடித்தோ, பக்கத் தையலை உள்ளே தள்ளியோ எளிதாகக் குறைத்துவிடலாம். சீட்டில் துணி குறைந்தால் சேர்க்க வழியே இல்லை. சுருக்குப் பாவாடைக்கும் வட்டப் பாவாடைக்கும் சீட் இடத்தில் துணி தாராளமாக இருக்கும். அவற்றுக்கு இடை அளவே போதும். நீங்கள் நடுவில் ஓர் அளவை எடுத்ததால் இரண்டு இடத்திலும் பொருந்தாமல் போயிற்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரை வைத்த சேலையை ஏ-லைன் மாதிரியில் வெட்டாதீர்கள். ஏ-லைன் பாவாடையின் கீழ்விளிம்பு வளைவாக வரும். கரையோ நேர்கோடாக நெய்யப்பட்டது. வளைவாக வெட்டினால் கரை போய்விடும். கரையைக் காப்பாற்றினால் பக்கங்களில் விளிம்பு தொங்கும். கரை அடியில் வரவேண்டுமென்றால், சேலையின் நீளம் உடம்பைச் சுற்றி வரும்படியும் சேலையின் அகலம் பாவாடையின் உயரமாகும்படியும் வைத்து, மேலே மடிப்பு வைத்தே இடையைக் குறைக்க வேண்டும். கண்டாங்கியில் கட்டம் இருப்பது இன்னொரு காரணம். அளவில் கால் அங்குலப் பிழை இருந்தாலும் குறுக்குக் கோடு சாய்ந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அளவுகளை எழுதுங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.

பதில் 2: பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை

தம்பி மிகவும் சரியாகச் சொல்லியிருக்கிறார். அளவுப் பட்டியலைப் பற்றி மட்டும் நான் சற்றுச் சேர்க்கிறேன், ஏனென்றால் என்னிடம் படித்த மாணவிகள் பலரும் அச்சடித்த எண்ணைப் பார்த்துத் தங்கள் உடம்பில்தான் ஏதோ குறை என்று வருந்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே மாதிரியைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்கும் வழக்கத்தை, 1863-இல் அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக் பரவலாக்கினார். பின்னர் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை அந்நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ 15,000 பேரை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம் அளந்து 1941-இல் வெளியிட்டது. அந்த நாட்டின் அளவு முறைகளுக்கு அதுவே அடிப்படையாக அமைந்தது. நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயதுவரை உள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளந்து இந்தியருக்கென்று ஓர் அளவுப் பட்டியல் உருவாக்கும் பணியை எடுத்துக்கொண்டதே மிக அண்மையில்தான். ஆகவே, நீங்கள் அச்செடுத்த பட்டியல் வேறொரு நாட்டுப் பெண்களின் சராசரியைக் கொண்டு, இடைக்கும் சீட்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போடப்பட்டது. உங்கள் இடை ஒரு வரியிலும் சீட் வேறொரு வரியிலும் விழுந்தால் அதில் வியப்பில்லை, வருந்தவும் ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் எண்ணும் மாதிரியின் எண்ணும் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதிரித் தாளில் இரண்டு வகை அளவுகள் அச்சாகியிருக்கும். ஒன்று உடம்பின் அளவு. மற்றொன்று தைத்து முடித்த ஆடையின் அளவு. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே தளர்வு. இடையில் அரை முதல் ஓர் அங்குலமும், சீட்டில் குறைந்தது இரண்டு அங்குலமும் தளர்வு இருந்தால்தான் நூல்துணிப் பாவாடையோடு தரையில் அமர்ந்து எழ முடியும். நாம் பந்தியிலும் கோயிலிலும் சம்மணமிட்டு அமர்கிறவர்கள் அல்லவா? தையலுக்கு விடும் துணி தளர்வில் சேராது. அதை வேறாகக் கூட்ட வேண்டும். அமெரிக்க மாதிரிகளில் பெரும்பாலும் ஐந்தெட்டு அங்குலமும், நம் கடைகளில் அரை அங்குலமோ அதற்கு மேலோ விடுவார்கள்.

செ.மீ. கணக்கில் இருந்தால் 2.5-ஆல் வகுக்காதீர்கள், 2.54-ஆல் வகுங்கள். 106 செ.மீ. சீட்டை 2.5-ஆல் வகுத்தால் 42.4 அங்குலம் வரும், 2.54-ஆல் வகுத்தால் 41.7 அங்குலம்தான். அரை அங்குலத்துக்கு மேல் பிசகு. உங்கள் டேப்பையும் ஓர் இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். பழைய துணி டேப்புகள் இழுபட்டு நீண்டுவிடும். அவை காட்டும் 36 உண்மையில் 36-க்கு மேல் இருக்கும்.

பதில் 3: புதுவயலிலிருந்து

இவ்வளவு கணக்கு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ரவிக்கைக்கு அளவு ஜாக்கெட் கொடுப்பதுபோல், நன்றாகப் பொருந்தும் பழைய பாவாடை ஒன்றைத் தரையில் விரித்து அளந்துகொண்டால் போதாதா? என் அம்மாவின் காலத்தில் இருந்தே எங்கள் வீட்டில் அப்படித்தான் தைத்து வருகிறோம். பெரிய பிழை எதுவும் வந்ததில்லை.

பதில் 4: காரைக்குடி, தையற்கடை நடத்துபவர்

அளவுப் பாவாடை வைத்துத் தைப்பது நல்ல வழிதான். நானும் தினமும் செய்வதுதான். ஆனால் அதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, அளவுப் பாவாடையில் தளர்வு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதை அளந்துவிட்டு அதன்மேல் மீண்டும் இரண்டு அங்குலம் தளர்வு கூட்டினால் பாவாடை பெரிதாகிவிடும். இரண்டாவது, அளவுப் பாவாடையும் புதிய பாவாடையும் ஒரே வகையாக இருக்க வேண்டும். நாடா வைத்த உள்பாவாடையைக் கொடுத்து மடிப்புப் பாவாடை தைக்கச் சொன்னால், அது இடையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, ஏனென்றால் நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் அது பொருந்தும். தேவகோட்டைச் சகோதரியிடம் இருக்கும் பாவாடையோ பொருந்தாத பாவாடை. அதனால் அவர் உடம்பைத்தான் அளக்க வேண்டும்.

சேலையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. உடுத்தாத சேலை என்றால் நெசவுக் கஞ்சி இன்னும் அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன் தண்ணீரில் தனியாக ஓரிரவு ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, பிறகு நீள அகலத்தை மீண்டும் அளந்து எழுதுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் வெளுப்பிலேயே பாவாடை சுருங்கி, எடுத்த அளவெல்லாம் வீணாகும். ஊறவைப்பதற்கு முன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை இற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: தேவகோட்டையிலிருந்து

நான்கு நாட்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தபோது நாடா நின்ற இடம், நான் சேலை கட்டும் இடத்துக்கு இரண்டரை அங்குலம் மேலே இருந்தது. அங்கே சுற்றளவு 32 அங்குலம்தான்! இத்தனை நாள் 36 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சீட் 42 அங்குலம். நாடாவிலிருந்து எட்டரை அங்குலம் கீழே. உட்கார்ந்தால் சீட் 44 ஆகிறது. நாடாவிலிருந்து தரைவரை முன்னால் 39, இரு பக்கமும் 39½, பின்னால் 40 அங்குலம். மகளை டேப் பிடிக்கச் சொல்லி மூன்று முறை எடுத்தும் இதே எண்கள்தாம் வந்தன.

சேலையை ஊறவைத்து உலர்த்தினேன். சாயம் முதல் தண்ணீரில் சிறிதளவே இறங்கியது. இப்போது நீளம் 213 அங்குலம், அகலம் 45 அங்குலம். மடிப்பில் எங்கும் இழை இற்றிருக்கவில்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் இரண்டு அங்குலம். பாவாடை தரையிலிருந்து மூன்று அங்குலம் மேலே நின்றால் போதும். மகளுக்கு இடை 24 அங்குலம். இடையிலிருந்து கணுக்கால்வரை 33 அங்குலம்.

பதில் 5: காரைக்குடி, தையற்கடை நடத்துபவர்

மூன்று முறை அளந்ததற்கு மிக்க மகிழ்ச்சி. உங்கள் முதல் பாவாடை ஏன் அப்படி ஆயிற்று என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இடையில் நான்கு அங்குலம் கூடுதலாகவும் சீட்டில் மூன்று அங்குலம் குறைவாகவும் எண்ணி அளவைத் தேடியிருக்கிறீர்கள்.

சீட் 42, தளர்வு இரண்டு, ஆக 44 அங்குலம். ஒரு பக்கமாகப் படியும் தட்டை மடிப்புக்கு வெளியே தெரியும் துணியைப்போல் மூன்று மடங்கு துணி வேண்டும். 44-ஐ மூன்றால் பெருக்கினால் 132. இரு முனையிலும் தையலுக்கு ஓரங்குலம் விட்டால் 134 அங்குலம். உங்கள் கட்டம் இரண்டு அங்குலமாக இருப்பது பெரிய வசதி. மூன்று கட்டத்துக்கு ஒரு மடிப்பு வையுங்கள்: ஒரு கட்டம் வெளியே தெரியட்டும், இரண்டு கட்டம் உள்ளே போகட்டும். 66 கட்டத்தில் 22 மடிப்புகள் அமையும், எல்லா மடிப்பிலும் ஒரே கோடு ஓரத்தில் வரும். கைத்தறியில் ஒரு கட்டம் இரண்டு இழை கூடவோ குறையவோ இருக்கலாம். அப்போது டேப்பை விட்டுவிட்டுக் கட்டத்தையே நம்புங்கள். கண் பார்ப்பது கோட்டைத்தான்.

இடை 32-க்கு ஓரங்குலம் தளர்வு சேர்த்து 33 வேண்டும். 44-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசம் 11 அங்குலம். அதை 22 மடிப்புக்கும் பகிர்ந்தால் மடிப்புக்கு அரை அங்குலம். ஒவ்வொரு மடிப்பையும் இடைக்கோட்டில் அரை அங்குலம் கூடுதலாக ஏற்றி, எட்டரை அங்குலம் கீழே வரும்போது அந்தக் கூடுதல் ஒன்றுமில்லாமல் போகும்படி சாக்கால் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேற்பகுதியில் கட்டத்தின் கோடு சற்று உள்வாங்கும். அது பிழையன்று, உடம்பின் வடிவம் அப்படி. மடிப்பின் மேல் தையலை மேலிருந்து ஐந்து அங்குலம்வரை மட்டும் போடுங்கள். அதற்குக் கீழே மடிப்பு விரிய இடமிருப்பதால், உட்காரும்போது கூடும் இரண்டு அங்குலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி உயரம். கரை அடியில் நேராக இருக்க வேண்டுமென்பதால், முன் பின் வித்தியாசத்தை அடியில் சரிசெய்யக் கூடாது. மேலே சரிசெய்ய வேண்டும். பாவாடை முடிந்த உயரம் பின்னால் 37, பக்கங்களில் 36½, முன்னால் 36 அங்குலம். எல்லா மடிப்பையும் கையால் பெருந்தையல் போட்டு நிறுத்திய பிறகு, கரையின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி இந்த மூன்று அளவையும் குறித்து, புள்ளிகளை மெல்லிய வளைவாகச் சேர்த்து, அதற்கு மேலே தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு முறை அதை நாடாவால் இடையில் கட்டிக்கொண்டு நின்று, அடிக்கரை தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே மிஞ்சும் ஏழரை அங்குலத் துணியில் மேற்கரை இருக்கும். அதில் ஐந்து அங்குல அகலத்தில் பட்டை எடுத்து, உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து மடித்தால் இரண்டு அங்குல இடுப்புப் பட்டை ஆகும். பட்டையின் நீளம் 33-உடன் கொக்கி ஏறும் இடத்துக்கு ஒன்றரையும் தையலுக்கு ஒன்றும் சேர்த்து 35½ அங்குலம். கரை வெளிப்பக்கம் வரும்படி மடித்தால் மிக அழகாக இருக்கும். துணி முழுவதும் ஒரே துண்டு என்பதால் மூட்டு ஓரிடத்தில்தான் வரும். அதை இடப்பக்கம் வைத்து, எட்டங்குல ஜிப் வையுங்கள்.

சேலையில் கை வைக்குமுன், காடாத்துணியில் (வெளுக்காத மலிவான பருத்தித் துணியில்) மேற்பகுதி பத்து அங்குலத்தை மட்டும் இதே கணக்கில் மடித்துத் தைத்துக் கட்டிப் பாருங்கள். மூன்றே முக்கால் மீட்டர் நீளத்தில் கால் மீட்டர் அகலம் இருந்தால் போதும், துண்டுகளை ஒட்டுப்போட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பதில் 6: கானாடுகாத்தானிலிருந்து

மகளின் பாவாடைக்கு நான் சொல்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தைத்த பழக்கம் உண்டு. 213-இல் 134 போனால் 79 அங்குலம் மிஞ்சுகிறது. 24 அங்குல இடைக்கு அது மூன்று மடங்குக்கும் மேல். சுருக்குப் பாவாடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருந்தாலே போதும் என்பதால் துணி தாராளமாக இருக்கிறது. முந்தி வரும் பகுதி இந்தத் துண்டில் அமையும்படி வெட்டினால், முந்தியின் பட்டைகள் குழந்தையின் பாவாடையில் ஒரு பக்கமாக வந்து எடுப்பாக இருக்கும்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இன்றைய அளவில் வெட்டிவிடாதீர்கள். இந்த வயதில் ஓராண்டிலேயே இரண்டு மூன்று அங்குலம் உயரம் கூடிவிடும். முடிந்த உயரம் 33. கரைக்கு மேலே உட்புறமாக இரண்டு டக் (பிறகு பிரித்து உயரம் கூட்டிக்கொள்ளும் குறுக்கு மடிப்பு) பிடியுங்கள். ஓரங்குல டக் ஒன்று இரண்டு அங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும். ஆக டக்குகளுக்கு நான்கு, மேல் தையலுக்கு அரை, மொத்தம் 37½ அங்குலம். உங்களுடையதும் பின்பக்கம் அதே 37½-தான் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோட்டில் மேல்துண்டைப் பிரித்துவிடலாம். மேல்துண்டிலேயே அவளுக்கும் பட்டை வரும். டக்கைக் கட்டத்தின் குறுக்குக் கோட்டை ஒட்டிப் பிடித்து, பெரிய தையலாகப் போடுங்கள். பிரிக்கும்போது துணியில் துளை தெரியாது. பட்டையிலும் இரு முனையில் இரண்டு இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விட்டு, கொக்கிக்குப் பதில் நாடா வைத்தால் மூன்று நான்கு ஆண்டு கட்டுவாள். சிறு குழந்தையாக இருந்தால் இடை ஒடுங்காமல் பாவாடை நழுவும். மேலே பாடி (தோளில் மாட்டும் மேற்பகுதி) வைத்துத் தைக்கச் சொல்வேன். அவளுக்கு அது வேண்டாம்.

பதில் 7: பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலர் புதுச்சேலை வாங்கினார்கள். பெட்டகத்தில் இருந்த பழைய சேலையை எடுத்து மகளுக்கும் சேர்த்துத் தைக்க நினைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன், மனம் நிறைந்தது. கணக்கை நான் ஒரு முறை போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: சாப்பிட்ட பிறகு இடை அரை அங்குலமாவது கூடும். காடாத்துணியை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிப் பாருங்கள். பட்டை பிடிப்பதாகத் தோன்றினால், ஜிப்பின் இரு பக்கமும் உள்ள இரண்டு மடிப்புகளில் மட்டும் ஏற்றத்தை அரை அங்குலத்திலிருந்து கால் அங்குலமாகக் குறைத்துவிட்டு, பட்டையை அரை அங்குலம் நீட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: தேவகோட்டையிலிருந்து

ஆச்சி, அண்ணன், கானாடுகாத்தான் அக்கா, அனைவருக்கும் என் நன்றி. காடாத்துணியில் தைத்து, சாப்பிட்ட பிறகு கட்டிக்கொண்டு தரையில் அரை மணி நேரம் அமர்ந்து காய் நறுக்கிப் பார்த்தேன். சீட் இறுகவில்லை, மேலே ஏறவும் இல்லை. இடையில் மட்டும் ஆச்சி சொன்னதுபோல் சற்றுப் பிடித்தது; இரண்டு மடிப்புகளையும் கால் அங்குலமாக மாற்றியதும் சரியாகிவிட்டது. பட்டைக்கு இனி 36 அங்குலம் வெட்டுவேன். அடியில் மட்டம் பார்ப்பதற்காகக் காடாவின் கீழ் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அம்மாவைத் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் அளக்கச் சொன்னேன். முன்னும் பின்னும் ஒரே எண் வந்தது. நாளை காலை வெளிச்சம் வந்ததும் சேலையை வளவில் விரித்து, முதலில் 134-ஆவது அங்குலத்தில் குறுக்காக ஓர் இழையை உருவி, அந்தக் கோட்டில் வெட்டப்போகிறேன்.